ஜே.பி. முத்திரையும் மிட்வைஃப் மிஸ்ஸும்

இந்த முறை வந்த கடிதங்களில் பிள்ளைகளின் வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பற்றியவைதான் கூட. பரீட்சை விடுமுறை, நல்லூர்த் திருவிழா என்று வெளிநாட்டுச் சனம் வந்து போகும் காலத்தில் இப்படித்தான் வரும். ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை எடுத்துக்கொண்டேன். காணி, ஓய்வூதியக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, நான் நெல்லியடியில் இருக்கிறேன். 1992இல் மந்திகை ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அப்பா எழுபதுகளில் லண்டன் போய், நான் பிறப்பதற்கு முன்பே அங்கே பிரஜாவுரிமை எடுத்தவர். அதனால் எனக்குப் பிறப்பிலிருந்தே பிரித்தானியப் பிரஜாவுரிமை உண்டு. 2011 முதல் 2017 வரை லண்டனில் படித்து, வேலை செய்து, பிறகு ஊருக்கு வந்து கலியாணம் செய்தேன். கணவர் இங்கே அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். மகளுக்கு இப்போது மூன்று வயதும் ஒன்பது மாதமும். அவளைப் பிரித்தானியப் பிரஜையாகப் பதிவதற்கு எம்.என்.1 விண்ணப்பம் போடப்போகிறேன். இரண்டு றெஃபறி, அதாவது பிள்ளையைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு உறுதி சொல்லும் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பிள்ளையைத் தொழில் முறையில் அறிந்தவராக இருக்க வேண்டும் என்றிருக்கிறது. மாமா தனக்குத் தெரிந்த ஒரு ஜே.பி.யும் (சமாதான நீதவான்) ஓய்வுபெற்ற ஒரு அதிபரும் கையெழுத்துப் போடுவார்கள் என்கிறார். இரண்டு பேரும் மகளைக் கண்டதுகூட இல்லை. மூன்று வயதுப் பிள்ளையைத் தொழில் முறையில் யாருக்குத் தெரியும்?

பதில்: பிள்ளை, மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், அந்த இரண்டு பேரும் வேண்டாம் என்று. அவர்கள் நல்ல மனிதர்களாக இருக்கலாம். ஆனால் உங்கள் மகளைத் தெரியாது.

மாமாவைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் கையெழுத்து என்றால் ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் றப்பர் முத்திரை. விதானையாரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு மேலொப்பம், ஜே.பி.யிடம் ஒரு உறுதிப்பாடு என்றே எல்லாக் காரியமும் நடந்து வந்திருக்கிறது. நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பார்த்த காலத்தில், ஒரு முத்திரை போதும் என்றாலும் கேளாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு குத்திக்கொண்டு வருபவர்களைக் கண்டிருக்கிறேன். பிரித்தானிய உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸ் இந்த இடத்தில் கேட்பது பதவியை இல்லை. நாளைக்கு ஒரு மின்னஞ்சலோ தொலைபேசியோ வந்தால், “ஓம், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், இன்னாரின் மகள், இன்ன காலமாகப் பார்த்து வருகிறேன்” என்று சொல்லக்கூடிய ஆளை. ஜே.பி.யிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டால் அவர் உங்கள் மாமாவுக்குத்தான் போன் எடுப்பார்.

விதி இதுதான். முதலாமவர், பிள்ளையோடு தன் தொழில் காரணமாகப் பழகிய ஒருவர். ஆசிரியர், வீடு தேடி வரும் சுகாதாரத் தாதி, சமூக சேவை உத்தியோகத்தர், மதகுரு போன்றோர் என்று உதாரணமும் தந்திருக்கிறார்கள். இவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். இரண்டாமவர் சாதாரணமாகப் பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அதோடு ஒரு அங்கீகரிக்கப்பட்ட தொழில் செய்பவராக, அல்லது 25 வயதைத் தாண்டியவராக.

முதலாமவரைப் பற்றித்தான் உங்களுக்குக் குழப்பம். என்னைக் கேட்டால் விடை உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. மகளின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். பிறந்த நாளிலிருந்து நிறை குறித்து, ஊசி குறித்து, வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்து வந்த கையெழுத்து யாருடையது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருடையது, நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று சொல்கிறோமே, அவருடையது. நீங்கள் பிள்ளையைப் பெற்று வீட்டுக்கு வந்த கிழமையே தேடி வந்து தொப்புள் பார்த்தவர் அவர். லண்டனில் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும் சுகாதாரத் தாதி செய்கிற வேலையைத்தான் இங்கே இவர் செய்கிறார், ஸ்கூட்டியில் வந்து, குடையோடு. நெல்லியடியில் ஒரு பிள்ளையை முதல் நாள் தொட்டுத் தொழில் முறையில் அறிந்தவர் என்று அவரைவிட வேறொருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் யாரும் இவரைக் கேட்பதில்லை, டொக்டரைத் தேடி யாழ்ப்பாண ரவுணுக்குப் போவார்கள்.

அவர் தயங்கலாம். அரசாங்க உத்தியோகம், தனிப்பட்ட விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் கேள்வி வருமோ என்று யோசிப்பார். ஆங்கிலத்தில் உள்ள படிவத்தைக் கண்டு பின்வாங்கவும் கூடும். இரண்டுக்கும் வழி உண்டு. படிவம் அலுவலக முத்திரை கேட்பதில்லை. அவர் யார், என்ன தொழில், எவ்வளவு காலமாகத் தெரியும், எப்படித் தொடர்பு கொள்வது என்பவற்றையே கேட்கிறது. ஆனாலும் அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போட விரும்பினால் விடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி விளக்குங்கள். விளங்காமல் போட்ட கையெழுத்து அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் உதவாது. பொய்யென்று தெரிந்துகொண்டோ அக்கறையில்லாமலோ தவறான தகவல் கொடுப்பது 1981ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லப் போகிறவருக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

மிஸ் இடமாற்றத்தில் போய்விட்டார், புதியவர் வந்து ஆறு மாதம்தான் என்றால்? பழையவரையே தேடிப் பிடியுங்கள். கிளிநொச்சிக்குப் போனாலும் அவர் உங்கள் மகளை அறிந்தவர்தான்.

அடுத்து முன்பள்ளி ஆசிரியர். இவர் தினமும் பிள்ளையோடு நிற்பவர், ஆசிரியர் என்று விதியே பெயர் சொல்கிறது. ஆனால் உங்கள் மகள் நேர்சரிக்குப் போகத் தொடங்கி எவ்வளவு காலம்? மூன்று வயதில் சேர்த்திருந்தால் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்காது. பெரியவர்களின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் றெஃபறி குறைந்தது மூன்று வருடம் அறிந்தவராக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தேடும்போதும் அந்த அளவை மனதில் வைத்து, பெற்றோரை மூன்று வருடத்துக்கு மேலாகவும் பிள்ளையைப் பிறந்ததிலிருந்தும் அறிந்த ஒருவரைப் பிடிப்பது பாதுகாப்பு. அந்த ஆசிரியர் உங்கள் ஒழுங்கைக்காரியாக இருந்து, நீங்கள் லண்டனால் வந்த காலம் தொட்டுப் பழக்கம் என்றால் தாராளமாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் மிட்வைஃப் மிஸ்தான் என் தெரிவு.

ஐயரை மறக்க வேண்டாம். முப்பத்தொன்றுக்குத் துடக்குக் கழித்தவர், விஜயதசமிக்கு ஏடு தொடக்கியவர் ஒருவரே என்றால் அவரும் மதகுரு என்ற வகையில் பிள்ளையை அறிந்தவர். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானம் கொடுத்த பாதர். ஆனால் கோயிலுக்குப் போனால் திருநீறு தருபவர் என்ற அளவுப் பழக்கம் போதாது. பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் கேட்காமலே அர்ச்சனை செய்வாரென்றால் சரி. டொக்டரை நான் கடைசியில்தான் வைப்பேன். உதாரணமாகச் சொன்னவர்களுக்குள் அவர் இல்லை, ‘போன்றோர்’ என்பதற்குள் வரலாம். வருடத்தில் இரண்டு காய்ச்சலுக்கு ஐந்து நிமிடம் பார்த்த டொக்டர், பிள்ளையைத் தெரியும் என்று எழுதத் தானே யோசிப்பார்.

இனி இரண்டாமவர். இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய தலையிடி. றெஃபறி பிள்ளைக்கு உறவினராக இருக்கக் கூடாது. இரண்டு றெஃபறிகளும் ஒருவருக்கொருவர் உறவாகவும் இருக்கக் கூடாது. வடமராட்சியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கரவெட்டிக்கும் நெல்லியடிக்கும் இடையில் பிரித்தானியப் பாஸ்போட்டோடு ஓய்வெடுக்க வந்திருக்கிற பெரியவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, இன்னொருவர் மாமியின் சின்னம்மாவின் மகன், மூன்றாமவர் சொந்தமில்லை என்று சந்தோசப்பட்டால் அவர் மிட்வைஃப் மிஸ்ஸின் பெரியப்பா. கேட்கும் முன் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டு வைத்து, இவர் எங்களுக்கு என்ன முறை என்று வேரோடு விசாரியுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு அப்பம்மாவைவிடச் சிறந்த அதிகாரி இல்லை. தூரத்து முறை வந்தாலும் நான் என்றால் விட்டுவிடுவேன். இவ்வளவு பெரிய கட்டணம் கட்டிவிட்டு, இது கிட்டத்துச் சொந்தமா தூரத்துச் சொந்தமா என்று லண்டனோடு வாதாடுவதில் என்ன லாபம்?

கனடாவில் இருக்கும் உங்கள் மச்சாள் யாராவது, “எங்கட பிள்ளைக்கு என்ர அண்ணாதானே போட்டவர்” என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. கனடாவில் பிள்ளையின் பாஸ்போட்டுக்கு உத்தரவாதம் தருபவர் உறவினராக இருக்கலாம். அது கனடா விதி, அதுவும் பாஸ்போட் விதி. வைபரில் வருகிற ஆலோசனைகளில் பாதி இப்படி நாடு மாறி வருபவை.

தேடலை நெல்லியடிக்குள்ளேயே சுருக்கவும் வேண்டாம். ஆறு வருடம் லண்டனில் இருந்திருக்கிறீர்கள். அங்கே ஒரே வீட்டில் அறை எடுத்து இருந்த சிநேகிதி, வேலை செய்த இடத்து மேலாளர், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி, இவர்களில் யாரோடு இன்னும் தொடர்பு இருக்கிறது? 25 வயதைத் தாண்டிய, பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருக்கிற, உங்களை நன்றாக அறிந்த ஒருவர் போதும், அவர் டொக்டராகவோ எஞ்சினியராகவோ இருக்கத் தேவையில்லை. அங்கீகரித்த தொழில்களின் பட்டியலைப் பார்த்தால் மதுச்சாலை உரிமம் வைத்திருப்பவர், மரணச் சடங்கு நடத்துபவர், தொழில்முறைப் புகைப்படக்காரர் எல்லாம் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள்.

அந்தச் சிநேகிதி மகளை நேரில் கண்டிருந்தால் மிக நல்லது. போன ஆவணி நல்லூருக்கு வந்தபோது தூக்கி வைத்திருந்தார், கிழமைக்கொரு தரம் வீடியோவில் கதைக்கிறார் என்றால் அதை அவர் எழுதலாம். பிள்ளையின் படம் இதுதான் என்று அவர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். செல்வச்சந்நிதியில் நேர்த்திக்கு மொட்டை போட்ட கையோடு படம் எடுத்து அனுப்பினால், சுருட்டை முடியோடு கண்ட சிநேகிதி திகைத்துப் போவார். முடி வளரட்டும், பிறகு எடுங்கள்.

படிவத்தை அவர் அச்சிட்டு, கையால் ஒப்பமிட்டு, ஒழுங்காக ஸ்கான் செய்து அனுப்பட்டும். மேசையில் வைத்து சரிவாக எடுத்த போன் படம், அதில் மின்விசிறியின் நிழல், இதெல்லாம் வேண்டாம்.

ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. கடந்த பத்து வருடத்துக்குள் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்று, அது இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறவரைச் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள். அவர் உண்மையில் சிறைக்குப் போனாரா என்பது இங்கே கணக்கில்லை. குடித்துவிட்டுக் கார் ஓடி அகப்பட்டதும் அந்த வகைக் குற்றம்தான். ஒரு நல்ல மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்காதீர்கள். படிவத்தோடு வருகிற விதிகளை முழுதாக அனுப்பி, “வாசித்துப் பார்த்து, வசதியில்லை என்றால் சொல்லுங்கள், ஒன்றும் நினைக்கமாட்டேன்” என்று எழுதுங்கள். விலக விரும்புகிறவர் வேலை கூட என்று சொல்லி விலகிக்கொள்வார். நீங்களும் காரணம் கேட்க வேண்டாம்.

பிரித்தானியப் பாஸ்போட்காரர் யாரும் உண்மையிலேயே அகப்படவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்கள், தகுதியான பிரித்தானியர் எவரையும் அறியாவிட்டால், பொதுநலவாய நாட்டுப் பிரஜை ஒருவரையோ தாங்கள் வாழும் நாட்டுப் பிரஜை ஒருவரையோ காட்டலாம். ஆனால் அவர் அந்த நாட்டில் மதிப்புள்ள தொழில் செய்பவராக, மூன்று வருடம் அறிந்தவராக இருக்க வேண்டும். அவருடைய கையெழுத்து ஏற்புடையதா என்று தூதரகப் பக்கமும் திருப்திப்பட வேண்டும். உங்கள் கணவரோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியரோ, வங்கி முகாமையாளரோ, சட்டத்தரணியோ அப்போது உதவுவார். ஆனால் ஆறு வருடம் லண்டனில் இருந்த ஒருவர் ஒரு பிரித்தானியரையும் தெரியாது என்றால் வாசிப்பவர் புருவத்தை உயர்த்துவார். அதனால் இதைக் கடைசிக்கு வைத்திருங்கள்.

றெஃபறி பற்றிக் கேட்டீர்கள், அதற்குப் பதில் முடிந்தது. ஆனால் உங்கள் விண்ணப்பம் நிற்பதோ விழுவதோ அதில் மட்டும் இல்லை. நீங்கள் வம்சாவழிப் பிரஜை, அதாவது வெளிநாட்டில் பிறந்து தகப்பன் வழியாகப் பிரஜாவுரிமை பெற்றவர், அதனால் மகளுக்குத் தானாக வரவில்லை. நீங்கள் கேட்பது அந்த 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவில். அதற்கு உங்கள் அப்பா நீங்கள் பிறக்கும்போதே வம்சாவழியல்லாத பிரஜையாக இருந்திருக்க வேண்டும். மகள் பிறப்பதற்கு முன் நீங்கள் பிரித்தானியாவில் தொடர்ந்து மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்துக்குள் வெளியே நின்ற நாட்கள் 270ஐத் தாண்டக் கூடாது. லண்டனில் இருந்தபோது ஊருக்கு வந்து போன திகதிகளைப் பழைய பாஸ்போட்டில் பார்த்து, வசதியான ஒரு மூன்று வருடத்தைத் தெரிவு செய்யுங்கள். அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், அம்மா அப்பாவின் விவாகப் பதிவு இரண்டையும் இப்போதே தேடி வையுங்கள். 2006 ஜூலை 1க்கு முன் பிறந்தவருக்குத் தகப்பன் வழியாகப் பிரஜாவுரிமை வருவதற்குப் பெற்றோர் சட்டப்படி திருமணம் செய்திருக்க வேண்டும். இடம்பெயர்வில் பெட்டி தொலைந்த வீடுகளில் இந்த விவாகப் பதிவுதான் பெரிய தேடலாகிறது. றெஃபறியைவிட அதற்குத்தான் நேரம் போகும்.

கேள்வி: என் மகன் 1999இல் லண்டன் போனவன். 2010இல் அங்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 2016இல் இங்கே கலியாணம். மருமகளும் பேரனும் எங்களோடு மானிப்பாயில். பேரன் 2020இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவன். அவனுக்கு லண்டன் பிரஜாவுரிமை எடுக்க றெஃபறி வேண்டுமாம். எங்கள் குடும்ப டொக்டர் போட்டால் காணுமா?

பதில்: ஐயா, எடுக்க வேண்டியதில்லை, பேரனிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மகன் அங்கேயே பிரஜாவுரிமை பெற்றவர், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை. அப்படியானால் பிறந்த அன்றே பேரன் பிரித்தானியப் பிரஜை. முதல் கடிதம் எழுதிய பிள்ளைக்கு வந்த சிக்கல் உங்களுக்கு இல்லை. யாராவது எம்.என்.1 நிரப்பித் தருகிறேன் என்று வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நேரே பாஸ்போட்டுக்குப் போடலாம், செலவும் அதில் ஒரு சிறு பங்குதான்.

பாஸ்போட்டுக்கும் ஒரு கையெழுத்து வேண்டும், ஆனால் விதி வேறு. ஒருவர் போதும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், விண்ணப்பத்தில் ஒப்பமிடும் பெரியவரைக் குறைந்தது இரண்டு வருடம் அறிந்தவராக இருக்க வேண்டும். மகன் ஒப்பமிட்டால் மகனை, மருமகள் ஒப்பமிட்டால் மருமகளை. உறவினராகவோ ஒரே வீட்டில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது பொதுநலவாய நாட்டுப் பாஸ்போட் இருந்தாலும் ஏற்பார்கள், இலங்கையும் பொதுநலவாய நாடுதான். ஆக, இலங்கைப் பாஸ்போட் வைத்திருக்கிற ஆசிரியரோ வங்கி அதிகாரியோ போதும்.

டொக்டர் வேண்டாம். நல்ல சிநேகிதன், முகத்தைக் கண்டதும் அடையாளம் தெரியும் என்று அவரே குறிப்பிட்டாலன்றி, உங்களைப் பார்க்கிற டொக்டர் இதில் கையெழுத்துப் போட முடியாது. மானிப்பாயில் டொக்டரைத் தவிர வேறு படித்தவர்களுக்குப் பஞ்சமா?

கேள்வி: நான் கோப்பாய்ப் பக்கம் ஒரு சனசமூக நிலைய முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய் லண்டன் விண்ணப்பத்துக்கு என்னைக் கையெழுத்துக் கேட்கிறார். பிள்ளையை ஒன்றரை வருடமாகத்தான் தெரியும். “மூன்று வருடம் என்று போடுங்கோ மிஸ், ஆர் பாக்கப்போயினம்” என்கிறார். மறுத்தால் பிள்ளையை வேறு நேர்சரிக்கு மாற்றிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மூன்று வருடம் என்று எழுத வேண்டாம், தங்கச்சி. உங்கள் வரவுப் பதிவேட்டிலேயே பிள்ளை சேர்ந்த திகதி இருக்கிறது. யாரும் பார்க்காமலும் போகலாம். பார்த்தால் பதில் சொல்லப்போவது நீங்கள். ஒன்றரை வருடம் என்று உண்மையை எழுதி, இப்படி எழுதினால் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அந்தத் தாய்க்கும் அது ஒரு உதவிதான். முன்பள்ளி தொடங்கிய வருடமும் பிள்ளையின் வயதும் பொருந்தாத ஒரு சான்று, சான்றே இல்லாததைவிட மோசம்.

வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட வேண்டாம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, படம் எல்லாம் வந்த பிறகு, உங்கள் பகுதியை உங்கள் கையாலேயே நிரப்புங்கள். போட்டதை ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். எப்போதும் பார்க்கிற மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள், மகனுடைய பழைய கணக்கு வேண்டாம். பணம் தந்தால் வாங்காதீர்கள். பொங்கலுக்குக் கற்கண்டு கொண்டு வந்தால் அது வேறு.

மாற்றிவிடுவாரோ என்பதற்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. மாற்றினால் மாற்றட்டும்.

கேள்வி: அன்ரி, நாங்கள் லண்டனில் இருக்கிறோம், விடுமுறைக்குச் சுன்னாகம் வந்திருக்கிறோம். மகன் லண்டனில் பிறந்தவன், இரண்டு வயது. அவன் பிறக்கும்போது எங்களுக்கு நிரந்தர வதிவிடம் இல்லை, போன வருடம்தான் கிடைத்தது. இப்போது அவனைப் பதியலாம் என்கிறார்கள். இன்னும் பாடசாலைக்குப் போகாத பிள்ளை. இங்கே நிற்கும்போதே இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: பதியலாம், அதுவும் எம்.என்.1 படிவம்தான், பெற்றோரில் ஒருவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தால் அங்கே பிறந்த பிள்ளைக்கு அதே சட்டத்தின் 1(3)ஆம் பிரிவில் உரிமை உண்டு. ஆனால் விடுமுறையில் இங்கே ஆள் பிடிக்க வேண்டாம். உங்கள் மகனைச் சுன்னாகத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் உங்கள் சொந்தக்காரர்.

லண்டனில் உங்கள் வீட்டுக்கு வந்து போன சுகாதாரத் தாதியின் பெயர், பிள்ளையின் நிறையும் ஊசியும் குறிக்க அங்கே தருகிற சிவப்புக் கொப்பியில் இருக்கும், முதலில் அவரைக் கேளுங்கள். அங்கே அவர்கள் அடிக்கடி மாறுவார்கள், இப்படியான படிவங்களில் ஒப்பமிட மறுப்பதும் உண்டு. அப்படியென்றால் பகல் பராமரிப்பு நிலையத்தில் மகனைப் பொறுப்பாகப் பார்க்கும் ஆசிரியை. அவனை வீட்டிலேயே அம்மம்மா பார்க்கிறார், எங்கும் விடவில்லை என்றால், நீங்கள் கிழமை தவறாமல் போகிற கோயில் ஐயர். இரண்டாமவருக்கு நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை. உறவில்லாத பிரித்தானியப் பாஸ்போட்காரர் உங்கள் வேலைத்தலத்திலேயே இருப்பார். தமிழராக இருக்க வேண்டும் என்றில்லை.

இப்போதைக்கு மகனைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிக்க வையுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்தை நிரப்பித் தருகிற சொலிசிற்றரே, இரண்டாவது றெஃபறியாகவும் தானே போடுவதாகச் சொல்கிறார். அதற்குத் தனிக் கட்டணமாம். கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம், இணுவில்)

பதில்: முடியாது. அந்த விண்ணப்பத்தில் உங்களுக்காகச் செயற்படும் சொலிசிற்றரோ முகவரோ றெஃபறியாக இருக்கக் கூடாது. ஹோம் ஒஃபிஸில் வேலை செய்பவரும் கூடாது. உங்கள் ஆள் இது தெரியாமல் சொன்னாரென்றால் வேறு ஆளைப் பாருங்கள். தெரிந்துகொண்டு சொன்னாரென்றால், கொடுத்த கடதாசிகளை இன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.